நெடுங்கால உளவியல் சிகிச்சையின் பயன்திறன் ஆய்வுகள்

நெடுங்கால உளவியல் சிகிச்சை என்பது ஓராண்டுக்குக் குறையாமலோ ஐம்பது அமர்வுகளுக்குக் குறையாமலோ நடைபெறும் உரையாடல்வழிச் சிகிச்சை ஆகும். இவ்வரையறை பல ஆய்வுகளில் கையாளப்பட்டாலும் அனைவரும் ஏற்றதன்று. உளப்பகுப்பாய்வு மரபிலிருந்து தோன்றிய உளவியக்கச் சிகிச்சை இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது. நோயாளியின் காலமும் பொருளும் பெருமளவில் செலவாவதால், குறுகிய சிகிச்சையை விட இது மேலானதா என்ற கேள்வி முதன்மை பெறுகிறது.

ஆய்வின் இடர்கள்

புதிய மருந்தைச் சில வாரங்கள் மருந்துப்போலியுடன் ஒப்பிடலாம். ஆனால் துன்புறும் ஒருவரை ஒப்பீட்டுக்காக இரண்டு ஆண்டுகள் சிகிச்சையின்றி வைத்திருப்பது அறமாகாது. மேலும் மனச்சோர்வு காலப்போக்கில் தானாகவும் தணிவதுண்டு. எனவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மட்டும் அளந்து காணும் முன்னேற்றம் முழுவதையும் சிகிச்சையின் பயனாகக் கொள்ள இயலாது.

2008 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு

செருமானிய ஆய்வாளர்களான பால்க் லைக்சன்ரிங், சுவென் ராபுங் ஆகியோர் 23 ஆய்வுகளையும் 1,053 நோயாளிகளையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வை 2008 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். நெடுங்காலச் சிகிச்சை பெற்றவர் சராசரியாக ஒப்பீட்டுக் குழுவினருள் 96 விழுக்காட்டினரை விட நலமாக இருந்தார் என்பது அதன் முடிவு. அவற்றுள் 11 ஆய்வுகள் மட்டுமே சமவாய்ப்பு முறையில் அமைந்தவை.

சுனில் பார், ஆரோன் பெக் முதலியோர் 2010 இல் இதனை மறுத்தனர். (பெக், அறிதல் சிகிச்சையைத் தோற்றுவித்தவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.) ஒவ்வோர் ஆய்விலும் இரு குழுக்களை நேரடியாக ஒப்பிடாமல், குழுக்களின் முன்-பின் மாற்றங்களைத் தனித்தனியே கணித்துப் பின்னர் ஒப்பிட்டதே பிழை என்றனர். அம்முறையால் ஆளுமைச் செயற்பாட்டிற்கு 6.9 என்ற விளைவு அளவு கிடைத்தது. உளவியலில் 0.8 என்பதே பெரிய விளைவாகக் கருதப்படுவதால், இவ்வெண் நம்பத்தக்கதன்று. அதே இரு ஆசிரியர்கள் 2011 இல் கட்டுப்பாட்டுக் குழு உள்ள 10 ஆய்வுகளை மட்டும் கொண்டு வழக்கமான முறையில் கணித்தபோது 0.44 முதல் 0.68 வரையே கிடைத்தது. 2012 இல் சுமித் முதலியோர் செய்த தொகுப்பாய்வில், வேறு சிறப்பு உளவியல் சிகிச்சைகளுடன் ஒப்பிடும்போது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

நீண்ட தொடர் கண்காணிப்பு

பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வில் (326 நோயாளிகள்) முதலாண்டில் குறுங்காலச் சிகிச்சை பெற்றோர் விரைந்து தேறினர். மூன்றாம் ஆண்டு முடிவில் நெடுங்காலச் சிகிச்சை பெற்றோர் முந்தினர். அளக்கும் நாளைப் பொறுத்து முடிவே மாறுகிறது. இலண்டன் தாவிசுட்டாக் ஆய்வு (2015), பிற சிகிச்சைகளுக்கு இணங்காத மனச்சோர்வுடைய 129 பேருக்கு நடத்தப்பட்டது. 18 மாதச் சிகிச்சை முடிந்தவுடன் குழுக்களிடையே வேறுபாடு சிறிதே. 42 ஆம் மாதத்தில் ஓரளவு தணிவு பெற்றோர் 30 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 4.4 விழுக்காடு. எனினும் சிகிச்சைக் குழுவினர் கூடுதலாக வாரந்தோறும் சிகிச்சையாளரைச் சந்தித்தனர். ஆகவே பயன் உளவியக்க முறையால் வந்ததா, சந்திப்புகளின் எண்ணிக்கையால் வந்ததா என்பதை இவ்வாய்வு கொண்டு பிரித்தறிய இயலாது.