காசுக்குப் பாடிய பேழை

காசு போட்டால் பாடும் இசைப்பேழை, அதாவது உலோகத் தகட்டில் பொறித்த மெட்டைச் சுருள்வில்லின் விசையால் எஃகுச் சீப்பில் மீட்டி ஒலிக்கும் அலங்கார மரப்பெட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பெருந்தொழிலாக வளர்ந்தது. வெவ்வேறு நீளமுள்ள எஃகுப் பற்களைச் சுண்டிச் சுரம் எழுப்பும் முறையை 1796இல் ஜெனீவாவின் கடிகாரக் கைவினைஞர் அந்துவான் ஃபாவ்ர் வகுத்திருந்தார். ஆனால் பற்களைச் சுண்டும் ஊசிகளைப் பித்தளை உருளையில் நுணுக்கமாகப் பொருத்த வேண்டியிருந்ததால், பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்து வந்தது. 1880களின் நடுவில் பவுல் லோக்மன் உருளைக்குப் பதிலாக வட்டத் தகட்டைக் கொண்டுவந்து சிம்ஃபோனியன் பெட்டிகளைச் செய்தார். அதற்குப் போட்டியாகக் குஸ்டாவ் பிராக்ஹவுசனும் பவுல் ரீஸ்னரும் பாலிஃபோன் நிறுவனத்தைத் தொடங்கினர்.

தகட்டில் துளையிடும்போது பின்புறம் மடிந்து நிற்கும் சிறு நாக்குகளே சுரங்கள். பிள்ளைப்பாக்கம், ஒரகடம் தொழிற்பேட்டைகளின் பிரஸ் ஷாப்பில் டை பொருத்தித் தகடு அடிப்பவருக்கு இவ்வேலை அந்நியமாகத் தோன்றாது. ஒரே மெட்டை எத்தனை தகடுகளிலும் அடிக்கலாம், ஒரே பெட்டியில் தகட்டை மாற்றி மாற்றி வைக்கலாம் என்றான பிறகுதான், மதுக்கடைக்காரர் பெட்டியை வாங்கி வைத்துக் காசு பார்க்க முடிந்தது.

துவாரத்தில் இட்ட பென்னிக் காசு உருண்டு நெம்புகோலின் நுனியில் விழும். அதன் எடையால் தடை விலக, முன்பே முறுக்கி வைத்த சுருள்வில் தகட்டைச் சுழற்றும். தகட்டின் நாக்கு நட்சத்திரச் சக்கரத்தின் ஒரு முனையைத் தள்ள, அதன் இன்னொரு முனை சீப்பின் பல்லைச் சுண்டும். ஒரு சுற்று முடிந்ததும் தடை மீண்டும் பள்ளத்தில் விழுந்து ஓட்டத்தை நிறுத்தும்; காசு அடியிலுள்ள இழுப்பறையைச் சேர்ந்திருக்கும். வால்நட் மரக்கதவில் கண்ணாடி பதித்ததற்குக் காரணம் உண்டு: கேட்பவர் தகடு சுழல்வதைப் பார்க்கவும் விரும்பினார்.

எனினும் ஒவ்வொரு பல்லும் ஒரே சுரத்தில் நிலைத்து நிற்பது. சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் கமகத்துக்கு அதில் இடமில்லை. தோடியின் காந்தாரத்தை எந்த எஃகுப் பல்லாலும் காட்ட முடியாது என்பதால், கருநாடக இசைக்கு இது பொருந்தாத கருவியே. மனிதக் குரலையே பதிந்து தந்த கிராமபோன்தான் இந்திய இசைக்கு ஏற்ற இயந்திரமாயிற்று. 1902இல் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பதிந்த பாடகி கௌஹர் ஜானின் குரல், ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் தட்டாக வார்க்கப்பட்டு இந்தியா திரும்பியது. 1908 முதல் கல்கத்தாவிலேயே தட்டு வார்க்கும் ஆலை இயங்கிற்று. அதே கிராமபோன் மேலைநாட்டு மதுக்கடைகளிலிருந்து இசைப்பேழையை அகற்றியது.

பாலிஃபோன் நிறுவனம் அழிந்துவிடவில்லை. முதல் உலகப்போரின்போது ஜெர்மன் அரசு எதிரிச் சொத்தாகக் கைப்பற்றிய டாய்ச்ச கிராமபோன் நிறுவனத்தை, ஹனோவர் ஆலையோடு, 1917இல் அது வாங்கியது. 1975இல் ‘ஷோலே’ இந்தித் திரைப்படத்தின் இசைத்தட்டின் மீது அச்சான பாலிடோர் என்ற பெயர் இந்த மரபில் வந்ததாகும்.