மனிதனும் கம்பெனியும்

சட்டத்தின் முன் ‘ஆள்’ என்பவன் யார்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்கள் அளித்த விடையை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

உள்நாட்டுப் போரின் முடிவில் அடிமைத்தளை அறுந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காக்கவென 1868இல் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் நிறைவேறிற்று. எந்த ஆளுக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுத்தலாகாது என்றது அது.

அந்தச் சொல்லைப் புகையிரதக் கம்பெனிகள் பற்றிக்கொண்டன. கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்டத்துக்கும் சதேர்ன் பசுபிக் கம்பெனிக்கும் இடையே எழுந்த வரி வழக்கு 1886இல் உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. திருத்தம் கம்பெனிகளுக்கும் பொருந்துமா என்பதில் வாதம் கேட்க விருப்பமில்லை. பொருந்தும் என்பதே நீதியரசர் அனைவரதும் கருத்து என்றார் பிரதம நீதியரசர் வெயிற். தீர்ப்பிலோ இவ்வினா ஆராயப்படவில்லை. அறிக்கையாளர் தலைக்குறிப்பிற் சேர்த்த வாசகமே பிற்கால வழக்குகளுக்கு ஆதாரமாயிற்று.

பத்தாண்டுகளின் பின், 1896இல், ஹோமர் பிளெசியின் வழக்கு அதே நீதிமன்றத்தில் முடிவுற்றது. லூசியானாவில் வெள்ளையருக்குரிய புகையிரதப் பெட்டியில் அமர்ந்ததே அவர் செய்த குற்றம். அதே திருத்தத்தின் பெயரால் அவர் நீதி கேட்டார். பிரித்து வைத்தல் சமத்துவத்துக்கு மாறன்று எனக் கூறி நீதிமன்றம் கைவிரித்தது. புகையிரதக் கம்பெனிக்குக் கிட்டிய சமத்துவம் புகையிரதத்தில் ஏறிய மனிதனுக்குக் கிட்டவில்லை! 1868 தொடக்கம் 1912 வரை இத்திருத்தத்தின்கீழ் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்குகளுள் கறுப்பினத்தார் உரிமை பற்றியவை 28. கம்பெனிகள் பற்றியவை 312.

உரிமை பெற்ற பணம் தேர்தலையும் நாடிற்று. கூட்டாட்சித் தேர்தல்களிற் கம்பெனிகள் நன்கொடை வழங்குவதை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வேட்பாளருக்கு நேரே கொடுப்பதற்கான அத்தடை இன்றும் உண்டு. ஆயின் 1978இல், மக்கள் வாக்கெடுப்புப் பிரசாரத்திற் கம்பெனிகள் செலவிடலாம் எனத் தீர்ப்பாயிற்று. 2010இல், வேட்பாளருடன் கலந்துகொள்ளாது தேர்தலில் எவ்வளவும் செலவிடலாம் என ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. பணச்செலவு பேச்சுரிமையின் போர்வையைப் போர்த்துக்கொண்டது.

தொழிற்சங்கங்களுக்கும் அவ்வுரிமை உண்டே என்பர் சிலர். உண்டுதான். ஆனால் தொழிலாளி செலுத்தும் சந்தாப் பணம் கம்பெனியின் கருவூலத்துக்கு ஈடாகுமா?

சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் கம்பெனியை ‘ஆள்’ எனக் கொள்வதை நாம் மறுக்கவில்லை. அது கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டிய ஒரு கற்பனை. ஆயின் கம்பெனிக்குப் பசியில்லை, சிறையில்லை, சாவுமில்லை. அத்தகையதொன்று வாக்காளனின் குரலை விலையால் அமுக்குமாயின், மனிதனுக்காக எழுதிய உரிமை மனிதனுக்கே எதிராகும். எந்த நாட்டிலாயினும், சட்டத்தின் சொல் யாருக்காக எழுதப்பட்டது என்பதோடு, யார் கையிற் சேர்ந்தது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.