ராயல்டியும் தீர்வையும்: ஒரு தீர்ப்பில் விடுபட்ட சொற்கள்

சிற்றூர்ச் சாலை, கிணறு, தெருவிளக்கு ஆகியவற்றுக்கான பணம் எந்தப் பெயரில் திரட்டப்படுகிறது என்பது கணக்கரின் கவலை மட்டுமன்று. வரி, கட்டணம், தீர்வை என்னும் சொற்களுள் எது பொருந்தும் என்பதைப் பொறுத்தே அதை விதிக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டா இல்லையா என்பது முடிவாகிறது. சட்டமொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய ஒரு வழக்கு வரலாற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம், 115ஆம் பிரிவில், அரசுக்குச் செலுத்தும் நிலவருவாயில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு தலவரி (பழைய வழக்கில் ஸ்தல வரி) விதித்தது. நிலவருவாய் என்றால் நிலத்தீர்வை என்றே உழவர் கொள்வர். 1964இல் சேர்க்கப்பட்ட விளக்கமோ, சுரங்கக் குத்தகைதாரர் அரசுக்குத் தரும் ராயல்டியையும் அச்சொல்லுக்குள் அடக்கியது. ஒரு சொல்லின் பொருளை அகலப்படுத்தியதன் வழியே சுண்ணாம்புக்கல் வெட்டும் சிமெண்டு நிறுவனமும் தலவரி செலுத்த நேர்ந்தது.

இதனை எதிர்த்த இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் 25-10-1989 அன்று உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு தீர்ப்பளித்தது. கனிமங்களைப் பற்றிய 1957ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கையில், ராயல்டி மீதான தீர்வை மாநிலத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதே அதன் முடிபு. ஆயினும் அத்தீர்ப்பின் ஒரு வாக்கியம், ராயல்டியே ஒரு வரி என்றும் கூறிவிட்டது. பிற மாநிலங்களின் தீர்வைகளும் இதனால் ஆட்டம் கண்டன. 4-4-1991 வரை திரட்டிய தொகைகளைக் காக்க 1992இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

2004 ஜனவரியில் கேசோராம் வழக்கை விசாரித்த ஐவர் அமர்வின் பெரும்பான்மையினர், அவ்வாக்கியம் கவனப்பிழையால் நேர்ந்தது என்றனர். 'ராயல்டி மீதான தீர்வை ஒரு வரி' என்றிருக்க வேண்டியது 'ராயல்டி ஒரு வரி' என்று பதிவாகிவிட்டதாம். சுருக்கெழுத்திலோ தட்டச்சிலோ நேர்ந்திருக்கலாம் எனக் கருதப்பட்ட பிழை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் சட்டமாக நின்றது!

தமிழில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. 'வீட்டுவரி' என்பது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'வீடு' என்பது 'வீட்டு' எனத் திரிவதால் வீட்டுக்கு விதிக்கும் வரி என்பது ஐயமின்றி விளங்கும். 'ராயல்டி' அவ்வாறு திரிவதில்லை. ஆகவே 'ராயல்டி வரி' என எழுதினால், ராயல்டியின்மேல் விதித்த வரியா, ராயல்டி ஆகிய வரியா என்பது புலப்படாது. முன்னது வேற்றுமைத்தொகை; பின்னது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. வழக்கில் தோற்பதும் வெல்வதும் இவ்விரு தொகைகளுக்கிடையே உள்ளது. சுருக்கம் கருதி உருபைத் தொகுப்பது தமிழுக்கு இயல்பே. சட்டத்தமிழில் 'மீதான' என்பதை விரித்தெழுதுவதே தகும். தீர்வை என்பதையும் வரி என்றே பெயர்த்தால், 'ராயல்டி மீதான வரி ஒரு வரி' என்று கூறியது கூறலாக முடியும். வழக்கின் வினாவே மறைந்துபோகும்.

25-7-2024 அன்று ஒன்பதின்மர் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரியன்று என அறுதியிட்டது. குத்தகை தருபவர்க்கு ஒப்பந்தப்படி செலுத்தும் ஈட்டுத்தொகையே அது என்பது அவர்தம் விளக்கம். கனிமமுள்ள நிலத்தின்மேல் வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்பதும் உறுதியாயிற்று. 1-4-2005 முதலான நிலுவையை, 1-4-2026இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில் பெறலாம் என 14-8-2024 அன்று ஆணையிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளின் தொகை கைவிடப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரிலேயே தமிழ்நாடு சட்டமன்றம் கனிமமுள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1964இல் நிலவருவாய் என்பதற்குள் ராயல்டியைப் புகுத்திய மன்றம், இம்முறை அச்சொல்லைச் சாராமல் நிலத்தின் பெயரிலேயே வரியை அமைத்துக்கொண்டது.