ஜன்னல் மூலை ஏன் வளைவு?

வைவாவில் எனக்கு வந்த முதல் கேள்வி: "விமான ஜன்னல் மூலை ஏன்ப்பா வளைஞ்சிருக்கு?" "காமெட் விமானத்துல சதுர ஜன்னல் சார், அதனாலதான் வெடிச்சுது" என்றேன் ஒரே மூச்சில். "பாதிதான் சரி" என்றார் பேராசிரியர். மீதிப் பாதி புரியப் பல வருஷம் ஆயிற்று.

1952 மே 2-இல் சேவைக்கு வந்த முதல் ஜெட் பயணிகள் விமானம் காமெட். 1954 ஜனவரி 10-இல் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரல் 8-இல் நேப்பிள்ஸ் பக்கம் இன்னொன்று கடலில் விழுந்தன. 56 உயிர்கள் போயின. ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். 3,057 பறப்புகளுக்குச் சமமான சுற்றுகளில் கிழிந்தது. எல்பாவில் மீட்ட துண்டுகளிலோ, விரிசல் தொடங்கியது பயணிகள் ஜன்னலில் அல்ல; கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில்!

கம்பெனி சோதிக்கவில்லையா? சோதித்தது, 16,000 சுற்றுக்கு மேல் தாங்கியது. ஆனால் அதே உடல் பகுதிக்கு முன்னமே இரு மடங்கு அழுத்தம் கொடுத்திருந்தார்கள். மூலையில் உலோகம் லேசாக நீண்டு, பிறகு அங்கே தங்கிவிட்ட அமுக்கம் விரிசலைத் தள்ளிப்போட்டது. பறந்த விமானங்கள் அவ்வளவு அழுத்தம் கண்டதில்லை.

தம்பி தங்கைகளே, லேபில் ரீடிங் நல்லா வந்தா உடனே சந்தோஷப்படாதீங்க. அந்த ஸ்பெசிமென் அதுக்கு முன்னாடி என்ன பட்டதுன்னு கேளுங்க. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் நான் கேட்பதும் அதைத்தான்.