போலித் தமனி வீக்கம் (சிறுநீரகக் கல் அறுவைக்குப் பின்)

முதுகு வழியே துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை உடைத்தெடுக்கும் சிகிச்சைக்குப் பின் அரிதாக ஏற்படும் இரத்தக்கசிவுச் சிக்கல். இம்முறையை 1976இல் சுவீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் இருவரும் முதன்முதலில் விவரித்தனர்.

இரு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. ஆகவே துளையிடும்போது ஓரளவு இரத்தம் கசிவது இயல்பே. சிக்கல் வேறு. ஊசியோ விரிப்புக் குழாயோ ஒரு சிறு தமனியின் சுவரைக் கிழித்துவிட, வெளியேறும் இரத்தம் சுற்றியுள்ள திசுவுக்குள் பை போலத் தேங்குகிறது. பைக்கு உண்மையான தமனிச் சுவர் கிடையாது. 'போலி' என்ற அடைமொழி அதனால்தான். உறைந்த இரத்தம் அதைச் சில நாள் அடைத்து வைத்திருக்கும். பிறகு அடைப்பு கரைந்து, பை சிறுநீர்ப் பாதைக்குள் உடையும்.

ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். நோயாளி நலமாக வீடு திரும்பி, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள், திடீரென்று கட்டி கட்டியாக இரத்தம் கலந்த சிறுநீர் கழிப்பார். அது நின்று நின்று வருவதால் 'சரியாகிவிட்டது' என்று எண்ணிவிடுவதும் உண்டு.

சிடி ஆஞ்சியோகிராம் இடத்தைக் காட்டும். தொடை அல்லது கைத் தமனி வழியே நுண்குழாய் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் உலோகச் சுருளால் அடைப்பதே முதன்மைச் சிகிச்சை. சிறுநீரகத்தையே அகற்றும் நிலை மிக அரிது.