கஞ்சியும் ஞானஸ்நானமும்

கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே உள்ள பண்டமாரான், அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களிற் பயிரிட்டு வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சீனர். தோட்டத் தமிழர் இவ்வாறு இடம்பெயர்ந்தது குறைவு. அவர்களுடைய லயங்கள் அந்தந்தத் தோட்டத்துக்குள்ளேயே ஒருங்கு சேர்க்கப்பட்டு, சுற்றிலும் வேலி இடப்பட்டது. பொதுவாக இக்குடியிருப்புகளுக்கு முள்வேலியும் காவல்வாயிலும் ஊரடங்கும் இருந்தன. வாயிலைக் கடப்போரிடம் அரிசி இருக்கிறதா என்று சோதனையும் நடந்தது.

இந்த வேலிகளுக்குள் அரசாங்கம் வரவேற்று அனுப்பிய ஒரு சாரார் உண்டு. அவர்கள் கிறிஸ்துவ சமயப் பணியாளர். 1949இல் சீனாவில் ஆட்சி மாறியபின் மேனாட்டுப் பாதிரிமாரும் தாதியரும் ஆசிரியரும் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. சீன மொழிகளைப் பேசவல்ல அவர்களை மலாயாவிற்கு வந்து புதுக்கிராமங்களிற் பணி செய்யுமாறு அரசாங்கம் அழைத்தது; 1952இல் ஹைகமிஷனராக வந்த ஜெனரல் டெம்ப்ளர் அதில் மிக்க ஊக்கம் காட்டினார். சீன உள்நாட்டு மிஷன் என்னும் சபையார், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், லூத்தரன்கள், கத்தோலிக்கர் எனப் பலரும் வந்தனர். மருந்தகமும் பாலர் வகுப்பும் நடத்தினர், வேதமும் போதித்தனர்.

வீடிழந்து வேலிக்குள் இருப்பவனிடம், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த கையே வேதப் புத்தகத்தையும் நீட்டலாமா? அவன் வாங்கிக்கொண்டால் அது விருப்பமா, நன்றியா, அச்சமா? தமிழருக்கு இவ்வினா புதிதன்று. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ந்த கதையோடு பின்னிப் பிணைந்த ஒரு பஞ்சத்தில் அவர்களுடைய முன்னோர் இதனை நேருக்கு நேர் கண்டவர்கள்.

தாது வருஷப் பஞ்சம் என இன்றும் கிராமத்துப் பெரியோர் வாயில் வழங்கும் அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. மாண்டோர் தொகை பல பத்து இலட்சம் என்பர். அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரவர் கிறிஸ்துவ சபைகளில் வந்து சேர்ந்தனர். இடையன்குடியில் நெடுங்காலம் பணியாற்றி, 1877ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அத்தியட்சர் பட்டம் பெற்ற கால்டுவெல், இவர்களைச் சேர்த்துக்கொள்வதே தக்கது எனக் கொண்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் செய்த பெருமகன் என்று தமிழாசிரியர் போற்றும் அவர், சமயப் பணியில் நடைமுறை நோக்குடையவர். வருவோரின் நோக்கம் கலப்புடையது என்பதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. பஞ்சத்துக்கு 20 ஆண்டு முன்னரே, 1857இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதனை ஆராய்ந்திருக்கிறார். மாசற்ற நோக்கத்தோடு வருவோரை மட்டுமே ஏற்பதென்றால் எவரும் வரமாட்டார்; வந்தவரைக் கற்பித்துத் திருத்துவதே போதகன் கடமை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தாழ்த்தப்பட்டுக் கிடந்த மக்கள், தம்மை ஏறெடுத்தும் பாராத ஊராரை விடுத்து, கஞ்சி வார்த்தவன்பால் சென்றதைக் குற்றம் என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஆனால் கால்டுவெல் வருவோரின் மனத்தையே எடை போட்டார். கொடுப்போரின் கையில் இருந்த அதிகாரத்தை அவ்வளவு கூர்ந்து எடை போட்டதாகத் தெரியவில்லை.

அதனை எடை போட்டவர் ஒருவர் அதே மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் இருந்தார். ஒங்கோலில் அமெரிக்கப் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் என்னும் பாதிரியார், பஞ்ச நிவாரணமாக அரசாங்கம் தோண்டுவித்த பக்கிங்காம் கால்வாயில் 3 மைலுக்கு மேற்பட்ட பகுதியைத் தாமே ஒப்பந்தம் எடுத்தார். பட்டினியால் வாடிய மாதிகர் முதலிய மக்களுக்கு மண் வெட்டும் வேலையும் கூலியும் கிடைத்தன. அவர்களுட் பலர் ஞானஸ்நானம் கேட்டனர். கிளஃப் மறுத்தார். நிவாரணப் பணம் தம் கையால் வழங்கப்படும்வரை எவருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தார். கூலி நின்று, மழை பெய்து, இனி மிஷனிடமிருந்து கொடுப்பதற்கு எதுவுமில்லை என்றான பிறகும் மக்கள் வந்து நின்றனர். 1878ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். உபதேசியார் அறுவர், இருவர் இருவராக முறைமாற்றி ஆற்றில் நின்று அதனை நிறைவேற்றினர்.

கிளஃப் செய்தது முழு விலக்கு அன்று என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. கால்வாய் வேலையில் மேற்பார்வையாளராக அவர் அமர்த்தியவர்கள் அவருடைய உபதேசிமாரே. வேலையாட்கள் இளைப்பாறும்போது அவர்கள் பக்கத்தில் அமர்ந்து வேதம் பேசினர். கூலிக்குக் கணக்கு வைப்பவனே போதகனாகவும் இருக்கும்போது, கேட்பவன் எழுந்து போவானா? ஞானஸ்நானத்தை நிறுத்திய மனச்சான்று பேச்சை நிறுத்தவில்லை. எனினும், கூலிக்கும் சபையிற் சேர்தலுக்கும் நடுவே ஒரு காலத்தை இடைவெளியாக வைத்ததும், ‘இல்லை’ என்று சொல்லி ஊருக்குத் திரும்ப அவர்களுக்கு அவகாசம் அளித்ததும் அக்காலத்தில் அரிய செயல்களே.

அதே 1877இல் யாழ்ப்பாணத்திலும் பஞ்சம். அங்கே கஞ்சித்தொட்டி வைத்தவர் ஆறுமுக நாவலர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் முன்பு நிறைந்திருந்த யாழ்ப்பாணத்தார் இல்லங்களில் அவர் பெயர் அறியாதார் இலர். நாவலர் இளமையில் பேர்சிவல் பாதிரியாரிடம் வேத மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர்; மிஷன் பள்ளிகளின் உள்நடப்பை உள்ளிருந்தே கண்டவர். படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் பிள்ளைகள் மதம் மாறுவதைக் கண்டு மனங் கொதித்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வசைபாடுவதோடு நில்லாமல், மிஷனார் கொடுத்ததைத் தாமும் கொடுக்க முன்வந்தார் என்பதே அவர் பெருமை. ஏழைக்குப் போக வேறு வாசல் ஒன்று திறந்தாலன்றி அவனுடைய சம்மதத்துக்குப் பொருளில்லை என்பதை அவர் செயலால் உணர்த்தினார். சாதி பற்றிய அவருடைய கொள்கை வேறு. அந்தப் புதிய வாசல் எல்லார்க்கும் ஒருபடித்தாகத் திறந்திருந்தது என்று கூற முடியாது. சாதியால் ஒடுக்கப்பட்டோர் மிஷன் வாசலை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்க.

இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்னரே சாத்தனார் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார். மணிமேகலை பௌத்த சமயத்தைப் பரப்ப எழுந்த காப்பியம். அதை அது மறைப்பதுமில்லை. ஆயினும் காஞ்சிமாநகர்ப் பஞ்சத்தில் அமுதசுரபியோடு நிற்கும் மணிமேகலை, 18 மொழி பேசுவோரும் கண்ணிலாரும் செவியிலாரும் முடவரும் வந்து மொய்க்கையில் எவர் சமயத்தையும் வினவவில்லை. அறவண அடிகளின் தத்துவ உபதேசம் அதற்குப் பின்னர் வருகிறது. அதைக் கேட்பவளோ பசித்த கூட்டத்தாருள் ஒருத்தி அல்லள். வஞ்சியிற் சமயவாதிகள் பலருடைய கொள்கைகளையும் கேட்டு ஆய்ந்துவிட்டு, தானே தேடி வந்த மணிமேகலை. வகுப்பில் இக்காப்பியத்தைக் கற்பிப்போர் இவ்வரிசை முறையை மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம்.

மீண்டும் மலாயாவுக்கு வருவோம். தாது வருஷத்துப் பட்டினிக்காரனுக்கு மிஷன் கஞ்சி வேண்டாமெனில் கால்போன போக்கில் நடந்து போகவாவது வழி இருந்தது. புதுக்கிராமத்தானுக்கு அதுவும் இல்லை. தன் விருப்பத்தால் அங்கு வந்தவனுமல்லன். 1952ஆம் ஆண்டு மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே நடந்த தாக்குதலுக்குப்பின், டெம்ப்ளர் அவ்வூராரின் அரிசிப் பங்கீட்டைக் குறைத்து நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசியைக் குறைத்த அதே அதிகாரம்தான் பாதிரியாரையும் அழைத்தது. வந்த தாதியர் நல்லவர்கள். பலர் வேலிக்குள்ளேயே சிறு வீடுகளிற் குடியிருந்தனர். மருந்துக்கு மதம் கேட்டாரல்லர். ஆனால் தாதியின் நற்குணம் வேறு, அவள் எந்த வாயில் வழியாக உள்ளே வந்தாள் என்பது வேறு. அரசாங்கத்தின் ஆட்கள் என்று தங்களை மக்கள் எண்ணிவிடுவரோ என்ற கவலை மிஷனாருள்ளேயே சிலருக்கு இருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் அவ்வாறே கூறியும் வந்தனர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்பணியாளர்கள் மலாய்க்காரரிடையே போதிக்கலாகாது என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. மலாய்க்காரரின் சமயத்திலும் வழக்கத்திலும் தலையிடுவதில்லை என்று 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையிலேயே ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டிருந்தனர். 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, எவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தந்து, முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதை மட்டும் மாநிலச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளித்தது. ஒரு மக்களின் சமயத்தைத் தீண்டினால் நாடு கொந்தளிக்கும் என்பதைக் குடியேற்ற அரசு நன்கு அறிந்திருந்தது. முள்வேலிக்குள் இருந்த சீனர் விஷயத்தில் அந்த எச்சரிக்கை அதற்குத் தேவைப்படவில்லை. காரணம், அவர்களுடைய மனத்தைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து மீட்பதே அதன் நோக்கம். சமயம் அங்கே ஒரு படைக்கருவியாயிற்று. நம்பிக்கையுள்ள ஒரு கிறிஸ்துவருக்கு இதைவிட வருத்தந்தரும் செய்தி வேறென்ன இருக்க முடியும்?

அறுவடை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மருந்தகத்துக்கு வந்த கூட்டத்தில் சிறு பகுதியே ஜெபக்கூட்டத்துக்கு வந்தது. கிராமத்தார் மருந்தை வாங்கிக்கொண்டு, வீட்டில் முன்னோர்க்கு ஊதுவத்தி ஏற்றினர். எழுத்தறியாத அவ்வேளாண் மக்கள் கொடையையும் போதனையையும் தாமே பிரித்தறிந்துகொண்டனர் போலும். 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. பின்னாளில் வெளிநாட்டுச் சமயப் பணியாளர் தங்கும் காலத்துக்கு அரசாங்கம் வரையறை விதிக்கவே, வந்தவர்களும் படிப்படியாக நாடு திரும்பினர். அவர்கள் போன பிறகு சிறு சபைகளை உள்ளூர்ச் சீனரே நடத்தி வந்தனர். வேலியும் இல்லை, இலவச மருந்தும் இல்லை, அயல்நாட்டுத் தாதியும் இல்லை என்ற நிலையில், ஒங்கோல் கிளஃப் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பெற முயன்ற விடை அச்சபைகளில் எஞ்சி இருந்தோரிடம் கிடைத்தது.