சாக வேண்டிய செல் ஏன் சாகவில்லை? மூளைக்கட்டியைக் காப்பாற்றும் மைக்ரோ ஆர்.என்.ஏ: சிதம்பரம் ஆய்வு சொல்வது என்ன?

நம் உடம்பில் ஒரு செல் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டுப்போனால், அது தானாகவே செத்துவிடும். இது இயற்கையான ஏற்பாடு. ஆனா மூளைக்கட்டி செல்கள் மட்டும் எப்படி தப்பிக்குது? அதற்குத் துணைபோகும் ஒரு குட்டி மூலக்கூறுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

மைக்ரோ ஆர்.என்.ஏ-ன்னா என்ன?

டி.என்.ஏ-வை வீட்டு மூலப்பத்திரம்னு வெச்சுக்குவோம். அதிலிருந்து எடுக்கும் ஜெராக்ஸ்தான் தூது ஆர்.என்.ஏ. அந்த ஜெராக்ஸைப் பார்த்துத்தான் செல் புரதம் தயாரிக்கும். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ, அந்த ஜெராக்ஸில் போய் ஒட்டிக்கொண்டு அதைச் செல்லாததாக்கிவிடும்.

1993-ல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மூளைக்கட்டியில் என்ன நடக்குது?

கிளியோபிளாஸ்டோமா மிகவும் ஆபத்தான மூளைப் புற்றுநோய். இதில் மைக்ரோ ஆர்.என்.ஏ-21 அளவுக்கு மீறி அதிகமாக இருக்கும். 'செத்துப்போ' என்ற உத்தரவைக் கொண்டுபோகும் புரதங்களை இது அடக்கிவிடுகிறது. 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் இதைத் தடுத்துப் பார்த்தார்கள். கட்டி செல்கள் சாக ஆரம்பித்தன.

எல்லா மைக்ரோ ஆர்.என்.ஏ-வும் வில்லன் இல்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ-7 செல் வளர்ச்சிக்கு பிரேக் போடும். இந்தக் கட்டியில் அதன் அளவு குறைந்துவிடுகிறது.

சிதம்பரத்தில் என்ன ஆய்வு?

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேம்பில் உள்ள நிம்போலைடு என்ற பொருளைப் பற்றி 2018-ல் ஆய்வு வெளியிட்டனர். ஆய்வக செல்களிலும் ஹாம்ஸ்டர் எலிகளிலும் நடந்த சோதனை இது. செல் உயிர் பிழைக்க உதவும் பாதையை அடக்கி, மைக்ரோ ஆர்.என்.ஏ-126 போன்றவற்றின் அளவையும் மாற்றி, புற்று செல்களை நிம்போலைடு சாகவைத்தது.

கவனிங்க: அது வாய்ப் புற்றுநோய் ஆய்வு. மூளைக்கட்டி இல்லை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவும் இல்லை.

அப்போ மருந்து எப்போ வரும்?

அவ்வளவு ஈஸி இல்லை. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ பல ஜீன்களைக் கட்டுப்படுத்தும். ஒன்றைத் தொட்டால் பத்து மாறும். மைக்ரோ ஆர்.என்.ஏ-34 அடிப்படையிலான மருந்தை வேறு வகைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது, கடுமையான நோயெதிர்ப்பு பாதிப்புகள் வந்ததால் 2016-ல் சோதனை நிறுத்தப்பட்டது. மூளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்திலிருந்து பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாத தடுப்புச் சுவர் அங்கே இருக்கிறது.

நீங்க செய்ய வேண்டியது

• காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, திடீர் வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. திடீர்னு வந்தா 108-ஐ அழைங்க.
• கடலூர், சிதம்பரம் பகுதி மக்கள் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ புதுச்சேரி ஜிப்மரையோ அணுகலாம்.
• இப்போதைக்கு இந்த நோய்க்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை ஆகியவைதான் முக்கிய சிகிச்சை.
• 'வேப்பிலைச் சாறு போதும்' என்று யாராவது சொன்னால் நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடாதீங்க. ஆய்வகத்தில் கிடைத்த வெற்றி வேறு, நோயாளி குணமாவது வேறு.